பூ தேயாத டயர்

மாயாண்டி இரண்டு நெம்புகோல்களைச் சக்கர விளிம்பில் செருகி, முழங்காலால் சக்கரத்தை அழுத்திக்கொண்டு, மோட்டார்சைக்கிளின் பழைய பின் டயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். டயர் கழன்று வந்ததும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். நூல் வெளியே தெரிந்தது. முன் டயரின் கதியும் அதுதான்.

"இதுலயா இத்தனை நாளும் சீக்காளிய ஏத்திட்டுப் போன?" என்றாள் ராக்காயி.

"நீயுந்தானேக்கா பின்னால உக்காந்து வந்த."

"நான் ஆளைப் பாப்பனா, உன் டயரைப் பாப்பனா?"

மலேசியாவில், பத்து காஜா என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அந்த ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரர்கள் அதைத் துண்டு போட்டு விற்றபோது தோட்டத்து ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். அதன் வண்டியும் போயிற்று. வண்டி ஓட்டிய மாயாண்டியும், அங்கே பயிற்சி பெற்று ஆயாவாக இருந்த ராக்காயியும் ரப்பர் மரங்களில் பால்வெட்டுக்குப் போனார்கள். கடைசித் துரை கப்பலேறும்போது விட்டுப்போன பழைய பி.எஸ்.ஏ. மோட்டார்சைக்கிளை மாயாண்டி எடுத்து, அதற்கொரு சைடுகார் பூட்டினான். அப்புறம் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் பாம்பு கடித்தாலும் சரி, பிரசவ வலி வந்தாலும் சரி, சைடுகாரில் நோயாளி, பின்சீட்டில் ராக்காயி. அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. குடிப்பான். ஆனால் லயத்தில் யாராவது மாசமாக இருந்தால் தொட மாட்டான். லயத்தில் எப்போதும் யாராவது மாசமாகத்தான் இருந்தார்கள்.

எழுபத்தாறாம் ஆண்டு மழைக்காலத்தில் அது பிச்சைமுத்துவின் மனைவி செல்லாயி. முதல் பிரசவத்திலேயே உதிரம் நிற்காமல் போய்ப் பிழைத்தவள்.

"இவளை வீட்டுல வச்சுப் பாக்க என்னால ஆகாது. வலி எடுத்ததும் ஆஸ்பத்திரி போயாகணும். நல்ல டயரா வாங்கு" என்றாள் ராக்காயி.

ஈப்போ நகரில், புந்தோங் பகுதியில், ஷரபுதீன் உதிரிச் சாமான் கடை வைத்திருந்தார். கடை நிறைய ஜப்பான் வண்டிகளின் சின்ன டயர்கள். மாயாண்டியின் வண்டிக்கு ஆகும் அளவில் இரண்டே வகைதான் இருந்தன. ஒன்று செலுப் டயர். தேய்ந்த டயரின் மேல் உள்ளூரில் புது ரப்பரைப் பதித்துக் கொடுப்பது. இன்னொன்று உத்தரத்தில் தொங்கிய ஒரு ஜோடி, சீமையில் செய்தது. ஒருநாளும் ரோட்டைத் தொடாததால் அதன் பூ, ரோட்டைப் பிடிக்கும் வெட்டு, அப்படியே ஆழமாக இருந்தது.

"அது எங்க அத்தா காலத்துச் சரக்குண்ணே. சும்மா அழகுக்குத் தொங்குது லா. செலுப்பை எடுங்க, நெனச்சதுக்கு மேல ஓடும்."

மாயாண்டி சிரித்தான். "பாய், மரத்துல உறைஞ்ச ஒட்டுப்பாலை எடை போடுறப்ப அதுக்குள்ள நாங்க என்னென்ன போட்டு அமுக்குவோம் தெரியுமா? மண்ணு, கல்லு, மரப்பட்டை. ஒருக்கா இந்தக் கையால செங்கல்லே வச்சிருக்கேன். அந்த ரப்பர்ல செஞ்ச டயரை என் வண்டிக்கே மாட்டச் சொல்றியா?"

"அதெல்லாம் ஆலையில அலசி எடுத்துருவான் லா."

"நீ கண்டியா?"

ஷரபுதீன் கண்டதில்லை. தோளைக் குலுக்கிவிட்டு ஏணியை எடுத்து வந்தார்.

வீட்டு முன்னால் டயரை மாட்டும்போது ராக்காயி வந்து, கட்டைவிரல் நகத்தால் பக்கவாட்டில் அழுத்திப் பார்த்தாள். நகம் இறங்கவில்லை.

"இது செத்த ரப்பரு. ஆஸ்பத்திரி அலமாரியில எனிமாக் குழாய் வருசக்கணக்கா புதுசாவே கெடக்கும். எடுத்து வளைச்சா பட்டுனு விண்டு போகும். எத்தனை தூக்கிப் போட்டிருக்கேன்."

"குழாயும் டயரும் ஒண்ணாக்கா? இது சீமைச் சாமான். பூவைப் பாரு, கிழங்கு மாதிரி நிக்குது."

"பூவை நான் கேக்கல."

"மழை விடட்டும், மாத்தலாம்" என்றான். மழை விடவில்லை.

மறுவாரம் மத்தியானத்தில் பிச்சைமுத்து ஓடி வந்தான். செல்லாயிக்கு வலி எடுக்குமுன்பே உதிரம் தொடங்கிவிட்டது. ராக்காயி துணியைச் சுருட்டி வைத்து அவளைச் சைடுகாரில் சாய்த்தாள். பிச்சைமுத்து பணம் புரட்டிக்கொண்டு பிறகு சைக்கிளில் வருவதாகச் சொன்னான். தோட்டத்துச் செம்மண் பாதை பாதி தாண்டியிருக்கும். பின் டயர் வெடித்தது. அதன் பக்கவாட்டு நீளமாகக் கிழிந்து, துண்டு மட்கார்டுக்குள் சுருட்டிக்கொண்டு, சக்கரம் அசையாமல் நின்றுவிட்டது. மாயாண்டி இழுத்தான், உதைத்தான், கத்தியால் அறுத்தான்.

"விடு அதை. ஆளைத் தூக்கு" என்றாள் ராக்காயி.

அவன் செல்லாயியைக் கையில் ஏந்திச் சேற்றில் நடந்தான். ராக்காயி பக்கத்திலேயே துணியை அழுத்திப் பிடித்தபடி நடந்தாள். "அண்ணே, குளுருதுண்ணே" என்று செல்லாயி இரண்டு முறை சொன்னாள். பிறகு பேசவில்லை. பெரிய ரோட்டில் ஒரு மரலாரி ஏற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவள் உயிரோடு இல்லை. வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டது. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் ரத்தம் ஏற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

பிச்சைமுத்து மாயாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நீயாச்சும் தூக்கிட்டு ஓடினியேண்ணே. எந்த ஜென்மத்துல இந்தக் கடனை அடைப்பேன்?"

மாயாண்டி கையை விடுவித்துக்கொண்டான். சுவரோரம் ஒதுங்கியதும் ராக்காயியிடம், "நீ வேணாம்னு சொன்ன டயரைப் பத்தி அவன்கிட்ட சொல்லிர்றேன்க்கா" என்றான்.

"சொல்லு. சொல்லிட்டு நீ நிம்மதியா தூங்கு. அவன் தூங்க வேணாம்."

"அப்ப என்ன செய்யச் சொல்ற?"

"கடைசி லயத்துல நவமணிக்கு எட்டு மாசம் ஆகுது. அதைப் பாரு."

மறுநாள் விடிந்ததும் செல்லாயியின் உடல் வீட்டுக்கு வந்தது. லயமே பிச்சைமுத்துவின் வாசலில் கூடி நின்றது. ஆண்கள் மூங்கில் வெட்டிப் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். மாயாண்டி பாதையில் கிடந்த வண்டியிடம் போய் இரண்டு சக்கரங்களையும் கழற்றினான். முன் டயர் இன்னும் முழுசாகத்தான் இருந்தது. யாரும் எடுத்து மாட்டிவிடாதபடி அதைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் போட்டான். டயர் நீக்கிய இரண்டு சக்கரங்களையும் தோளில் மாட்டிக்கொண்டு, சாவு வீட்டைத் தாண்டி, செலுப் டயர் மாட்ட ஈப்போ பஸ்ஸுக்கு நடந்தான். பாடை தூக்குவதற்குக்கூட நிற்காமல் போகிறான் பார் என்று யாரோ காறித் துப்பினார்கள். அவன் திரும்பவில்லை.