துவைத்த தொப்பி

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் கைக்கடிகாரம் திருத்தும் செல்லசாமியின் வாயில் நல்ல வார்த்தை வராது. யார் எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் முதலில் உதட்டைப் பிதுக்குவார். கடிகாரம் அவருக்குச் சோறு போட்டது, அவ்வளவுதான். உயிரெல்லாம் பழைய பட்டாளத்துத் தொப்பிகளில். கடையின் பின்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி முழுக்கத் தக்கைத் தொப்பியும் இரும்புத் தொப்பியுமாக அடுக்கி வைத்திருந்தார். தூசி தட்டக்கூட மனைவியை உள்ளே விட்டதில்லை.

தொப்பிக்கு வயது சொல்வதில் மனிதர் சூரர்தான், அதை மறுக்க முடியாது. நெற்றியில் படுகிற தோல்பட்டையை மெல்ல நெம்பி, அடியில் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் அம்புக்குறி முத்திரையும் ஆண்டும் இருக்கிறதா என்று தேடுவார். பிறகு கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கைத் தையலின் மேல் பிடிப்பார். அந்தக் காலத்துப் பருத்தி நூல் இருண்டு கிடக்கும். பிற்காலத்து நூல் வெள்ளை வெளேரென்று மினுங்கும். மினுங்கினால் போலி.

அந்த வித்தையை வைத்துக்கொண்டு அவர் செய்த காரியம்தான் அசிங்கம். அசல் தொப்பி வந்தால் போலி என்பார். கொண்டுவந்தவன் முகம் தொங்கிப்போய், "இதப் போயி தூக்கிட்டு அலைஞ்சேனே, நீங்களே வச்சுக்கங்க" என்று மேசையிலேயே போட்டுவிட்டுப் போவான். அலமாரியில் பாதி இப்படி வந்ததுதான். ஊருக்கெல்லாம் குல்லா போட்டே குல்லா சேர்த்த ஆள்.

போன மாசி மாதம் றொசல்லைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து காளியாயி வந்தாள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துப் பல வருஷமான கிழவி. அவளுடைய அப்பன் மாயாண்டி, தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னத்துரையோடு பர்மாச் சண்டைக்குப் போய் வந்ததாகச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தவன். லயத்து வரிசை வீடுகளில் ஒருத்தரும் நம்பவில்லை. புளுகு மாயாண்டி என்றே பெயராகிவிட்டது. அவன் செத்து மண்ணாகியும் பெயர் சாகவில்லை. தண்ணீர் பிடிக்கிற பீலியில் குடத்தை வைத்தால், "புளுகு மாயாண்டி மக வந்துட்டா, வழி விடுங்க" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்போடு சண்டை பிடித்தே அவளுக்குத் தலை நரைத்தது.

அவன் விட்டுப்போனது ஒரு பக்கம் மடித்த அகல விளிம்புத் தொப்பி ஒன்றுதான். தீபாவளிப் படையலில் அதை நடுவில் வைத்துக் கும்பிடுவாள். அந்த மாசிக் கோயில் திருவிழாவில், பக்கத்து வீட்டுப் பழனியாண்டி எல்லார் முன்னாலும், "நாடகக்காரன் தூக்கிப் போட்ட தொப்பிக்குத் தேங்கா வேற ஒடைக்கிறாங்கப்பா" என்று கிண்டலடித்தான். "ஹட்டன்ல பாத்துச் சொல்ற ஆளு இருக்காரு. கேட்டுட்டு வந்து ஒன் வாய அடைக்கிறேன்டா" என்று காளியாயி சபதம் போட்டாள். பெரிய மனுஷரிடம் அழுக்காகக் கொண்டுபோகக் கூடாதென்று, சோப்புத் தூள் கரைத்து மேலெல்லாம் தேய்த்துக் காயவைத்துத்தான் எடுத்து வந்தாள்.

செல்லசாமி தோல்பட்டையை நெம்பினார். அம்புக்குறி இருந்தது. 1943 இருந்தது. அதன் பக்கத்தில் அழியாத மைப் பென்சிலால் கோணல்மாணலாக ஒரு ‘மா’ இருந்தது. பட்டாளத்துத் தொப்பிக்குள் தமிழ் எழுத்தை அவர் ஆயுளில் பார்த்ததில்லை. இது தன் அலமாரிக்கு வந்தே ஆக வேண்டும் என்று அந்த நொடியே முடிவு செய்துவிட்டார்.

விளக்கைப் பிடித்தார். அடித்தையல் கரியாகக் கிடந்தது. அதை விரலால் மூடிக்கொண்டு, சோப்புத் தூள் ஊறியிருந்த மேல் விளிம்பைக் காட்டினார். விளிம்பு நிலா மாதிரி மினுங்கியது. சோப்புத் தூள் பட்ட துணி எதுவும் அந்த விளக்கில் மினுங்கும் என்று அந்தப் பாவிக்கு நன்றாகத் தெரியும்.

"பாத்தீங்களாம்மா? மினுங்குது. பழசுன்னா மினுங்காது. இது போலி."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க தம்பி. எங்கப்பா மானமே இதுலதான் இருக்கு."

"ஒங்கப்பா ஒங்களுக்கு நல்லாக் கத விட்டிருக்காரும்மா. வச்சுட்டுப் போங்க, நான் குப்பையில போட்டுக்கிறேன்."

காளியாயி தொப்பியை முந்தானையில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். செல்லசாமியின் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

ஒரு வாரம் அவருக்குத் தூக்கமில்லை. கண்ணை மூடினால் அந்த ‘மா’தான். கடைசியில் ரயிலேறி றொசல்லையில் இறங்கி, மேடேறி, லயத்தை விசாரித்துப் போய்ச் சேர்ந்தார். காளியாயி பீலிக்குக் குடத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"கடையில பொம்மைக்கு மாட்டி வைக்கலாம்னு பாத்தேம்மா. அந்தப் போலித் தொப்பிய குடுத்தீங்கன்னா..."

"அத அன்னைக்கே எரிச்சுட்டேன் தம்பி. பழனியாண்டி வந்து என்னா சொன்னாருன்னு கேட்டான். போலின்னு சொன்னேன். சொல்லிட்டு, எல்லாரும் பாக்க அடுப்புல வச்சுட்டேன்."

செல்லசாமி இழவு வீட்டில் கத்துவதுபோலக் கத்தினார்.

"அடிப்பாவி! அசலும்மா அது! ஒங்க சோப்புத் தூளுதான் மினுங்குச்சு! உள்ள ‘மா’ன்னு எழுத்து இருந்துச்சு, நான் என் கண்ணால பாத்தேன்!"

காளியாயி குடத்தைக் கீழே வைத்தாள்.

"எழுத்தா? எங்கப்பாவுக்கு எழுதத் தெரிஞ்சதே அந்த ஒரு எழுத்துதான் தம்பி."

அடுத்த கணம் அவர் கையைப் பிடித்துப் பீலிக்கு இழுத்துப் போனாள். கிழவிக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்களும், கை கால் கழுவிக்கொண்டிருந்த பழனியாண்டியும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொல்லுங்க. இவுங்க எல்லாருக்கும் சொல்லுங்க."

செல்லசாமி சொன்னார். வேறு வழியில்லை. தொப்பி அசல், மாயாண்டி சண்டைக்குப் போனது உண்மை, தான் சொன்னதுதான் பொய்.

பழனியாண்டி நிதானமாக முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"போலின்னதும் நீங்க, இப்ப அசலுங்கிறதும் நீங்க. ஒங்கள யாருங்க வெளக்குப் புடிச்சுப் பாக்குறது?" பெண்கள் சிரித்தார்கள். அவன் காளியாயி பக்கம் திரும்பினான். "சரி, அசலுன்னே வச்சுக்குவோம். அப்ப பெத்த அப்பன் சண்டைக்குப் போயி கொண்டாந்த தொப்பிய அடுப்புல வச்சது யாரு? நீதானே ஆயா?"

பீலித் தண்ணீர் யாருடைய குடத்திலோ நிரம்பி வழிந்தது, அதை எடுக்க ஆளில்லை. காளியாயி தன் கைகளைப் பார்த்தாள். அந்தக் கைகளால்தான் அதைத் துவைத்தாள், அந்தக் கைகளால்தான் நெருப்பில் வைத்தாள். செல்லசாமியின் கையை மெதுவாக விட்டாள்.

"இல்ல. இவரு பொய் சொல்றாரு" என்றாள்.

"அம்மா, அந்த எழுத்து..." என்று ஆரம்பித்தார் செல்லசாமி.

"எழுத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது போலிதான். எங்கப்பன் புளுகன்தான்." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "போங்க தம்பி, ரயிலு வந்துரும்."