அணைத்த பிறகும் இரைகிற ரேடியோ

இன்று சிவகாசியில், ரேடியோ ரிப்பேர் கடையில் நின்றிருந்தேன். பட்டாசு கம்பெனி ஆள் ஒருவர் சின்ன சிற்றலை ரேடியோவோடு வந்தார்.

"எந்த ஸ்டேஷன் வச்சாலும் ஒரே இரைச்சல். ஏரியல்ல நீளமா கம்பி கட்டியும் பாத்துட்டேன்."

கடைக்காரர் கம்பியை அவிழ்த்து ஏரியலை மடக்கினார். "மலிவு செட்டு அண்ணாச்சி. சிக்னல் கூடுனா அம்புட்டு ஸ்டேஷனும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கிரும். இப்பக் கேளுங்க."

எனக்குப் பாட்டு தெளிவாகக் கேட்டது.

"இன்னமும் இரையுதே" என்றார் அவர்.

கடைக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டு, "இப்ப?" என்றார்.

"இப்பவுந்தான் இரையுது. போன சீசன்ல கம்பெனில வெடிமருந்து ரூம் வெடிச்சப்ப ஒரு காயமில்லாமத் தப்பிச்சேன். அதுலருந்து வாங்குற செட்டு ஒண்ணும் சரியில்ல."

கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

ஏரியலைப் போல மடக்கி வைக்கிற காது எங்காவது விற்றால் அவருக்காகச் சொல்லுங்கள்.