அத்தி மரத்தடி மாப்பிள்ளை

இடது பாதத்தைத் தூக்கி வலது தொடையில் ஒட்டவைத்து, கைகளைத் தலைக்கு மேல் குவித்து நிற்கிறார் மாப்பிள்ளை. கண் மூடியிருக்கிறது. முகத்தில் சமீப காலமாக ஒரு புன்னகை குடியேறியிருக்கிறது. அதைத்தான் நான் நம்பவில்லை. பூங்காவில் ஏரியோரத்து அத்தி மரத்தடி அவருடைய இடம்; கொஞ்சம் தள்ளியிருக்கும் பெஞ்சு என்னுடையது. செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்து, ஓரமாக எட்டிப் பார்க்கிறேன். என் தங்கையின் புருஷன் அவர். வேவு பார்க்கச் சொன்னவளும் தங்கைதான்.

குடிநீர் அலுவலகத்தில் புகார் போன் எடுப்பது அவர் வேலை. குழாயில் காற்று வந்தாலும் சேறு வந்தாலும் ஊரே அவரைத்தான் பிடித்து உலுக்கும். திருப்பி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது அங்கே சட்டம். பகலெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கிவைப்பார். உப்பு குறைந்தால் ஒரு கத்தல், கூடினால் இன்னொரு கத்தல். என் தங்கையும் லேசுப்பட்டவள் இல்லை, வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுப்பாள். கூரை பிய்ந்துவிடும் போலிருக்கும். அப்புறம் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள், சிரிப்புச் சத்தம் தெருவுக்குக் கேட்கும்.

டாக்டர் வந்து கெடுத்தார். "இப்படியே கத்திக்கிட்டிருந்தா பிரஷர் உங்களைத் தூக்கிட்டுப் போயிடும்" என்று சொல்லி, யோகாவும் மரக்காற்றும் சிபாரிசு செய்தார். அன்றிலிருந்து மனிதர் ஆளே மாறிவிட்டார். காலிங் பெல் அடித்தால்கூட ஒரு நீள மூச்சு விட்டுவிட்டுத்தான் கதவைத் திறக்கிறார். வெளியே நிற்பவன் பாடு திண்டாட்டம். ஒருநாள் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தார். "மச்சான், அந்த இலை ஆடுது பாருங்க. பாத்துக்கிட்டே இருங்க, உள்ள எல்லாம் தானா அடங்கிடும்." பார்த்தேன். இலை ஆடியது. எனக்கு ஒன்றும் அடங்கவில்லை.

தங்கை என்னைத் தேடி வந்துவிட்டாள். "அண்ணா, வேணும்னே சோத்தை அடிப்பிடிக்க விட்டேன். 'புரியுதும்மா, இனிமே பாத்துக்கலாம்'னு சாப்பிட்டு எழுந்துட்டாரு. கோவமே வரலைன்னா என்ன அர்த்தம்? என்னை மனசால விட்டுட்டாரா?"

அந்தப் 'புரியுதும்மா' எனக்கு உறுத்தியது. எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் தாராளமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. இருந்தாலும் வாயில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு அவர் அலுவலகத்துக்கு போன் போட்டேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். மறுமுனையில் மாப்பிள்ளையின் குரல், நெய் தடவிய மாதிரி: "புரியுதுங்க சார். இனிமே பாத்துக்கலாம்." அடப்பாவி! ஆபீஸ் குரலை அல்லவா வீட்டில் கட்டின பெண்டாட்டியிடம் பேசிக்கொண்டிருக்கிறார்! அவருக்கே அது தெரியுமா என்பது சந்தேகம்தான்.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் இதே பெஞ்சில் இருந்தபோது, மரத்திலிருந்த அணில் ஒன்று கடித்த பழத்தை அவர் தலையில் போட்டது. மாப்பிள்ளை கண்ணைத் திறந்து கத்தினார் பாருங்கள்! "அறிவிருக்கா ஒனக்கு? மனுஷன் உக்காந்திருக்கிறது தெரியலை? தின்னுட்டு எச்சியை என் தலையிலதான் போடணுமா?" அப்படியே பழைய மாப்பிள்ளை. அதன்பின் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி புன்னகைக்குப் போய்விட்டார். ஆக, கோபம் எங்கேயும் போகவில்லை, இங்கேதான் செலவாகிறது.

போனில் கேட்டதையும் மரத்தடியில் பார்த்ததையும் தங்கையிடம் சொல்லித் தொலைத்தேன். கலகலவென்று சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். "ஒரு அணிலுக்கு இருக்கிற உரிமை கூட எனக்கில்லையாண்ணா?"

இன்று அவளே வருகிறாள், விறுவிறுவென்று. ஏரிக்கரைச் சேறு செருப்பில் அப்பியிருக்கிறது. ஒற்றைக் காலில் நிற்பவருக்கு எதிரே வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்னங்க, நான் உங்களுக்கு யாரு?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "புரியுதும்மா. வீட்டுக்குப் போய் பாத்துக்கலாம்."

"நான் என்ன, குழாய்ல தண்ணி வரலைன்னு சொல்லவா வந்து நிக்கிறேன்?"

புன்னகை அசையவில்லை. அவள் ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு பக்கத்தில் விரித்திருந்த அவருடைய யோகா பாயில் ஏறினாள், சேற்றுச் செருப்போடு. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தாள். திரும்பியும் நடந்தாள்.

சத்தம் கேட்டுக் கண் திறந்தவரின் தூக்கிய கால் தொப்பென்று தரைக்கு வந்தது. "ஏய்! கண்ணு தெரியலை? சேத்தை மிதிச்சிட்டு வந்து பாயில நாட்டியம் ஆடுறியா? கழட்டுடி செருப்பை! வரவர உனக்கு ரொம்பத்தான் ஏறிப்போச்சு!"

ஏரியில் நடந்துகொண்டிருந்த கொக்கு எழும்பிப் பறந்தது. என் தங்கை நின்ற இடத்திலேயே செருப்பை உதறிவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். கன்னத்தில் கண்ணீர் ஓடுகிறது, ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னும் திட்டுங்க" என்றாள்.

அவர் திட்டினார். மூச்சு வாங்க, நிறுத்தாமல் திட்டினார். திட்டிக்கொண்டே குனிந்து அவள் செருப்புகளை எடுத்தார், அப்பியிருந்த சேற்றைத் தன் துண்டால் துடைத்தார், தன்னுடைய செருப்புகளுக்குப் பக்கத்தில் ஜோடி சேர்த்து வைத்தார்.