வெல்லம் போடாத சாத்தமுது

கமலவல்லி வைக்கிற ரசத்தில் வெல்லமே கிடையாது, ஆனாலும் இனிக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கும் நேரத்தில் யாரோ வந்து தொட்டுவிட்டுப் போகிறார்கள் என்று திருப்பதியில் அந்தத் தெரு முழுக்கப் பேச்சு. வதந்திக்கு அங்கே தரிசன வரிசை கிடையாது. நேராக உள்ளே போய்விடும்.

கோவில் கைங்கரியக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்ட நாற்பது வருஷத்தில் கமலவல்லி வாங்கிய ஒரே பட்டம் அவளுடைய சாத்தமுதுதான். ரசம் என்றால் அவள் காதில் விழாது. நகரியில் தறியை விற்றுவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு வந்த ரத்னம்மா, கர்ப்பமாயிருக்கும் மகள் பிரித்திகாவுக்குத் தினம் ஒரு டம்ளர் கேட்டாள். பிரசவம் வரைக்கும் தருவதாகக் கமலவல்லி வாக்குக் கொடுத்தாள்.

பேச்சு காதுக்கு எட்டியதும் முதலில் பெருமை. பிறகு சந்தேகம். நாற்பது வருஷமாக எட்டிப் பார்க்காத பெருமாள் ஆடியிலிருந்து மட்டும் ஏன் தினமும் வருகிறார்?

புளியை மாற்றினாள், இனித்தது. தண்ணீரை மாற்றினாள், இனித்தது. எவர்சில்வரில் வைத்தாள். புளித்தது.

ஆக, வருகிறவர் தினமும் சாத்தமுது வைக்கிற ஈயச்சொம்பில் குடியிருக்கிறார். ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் ஏற்றினால் உருகிவிடும். ஆடியில் போன் பேசிக்கொண்டே அதைச் செய்திருந்தாள். மாமியார் தந்த சொம்பு கட்டியாகிப் போனது. வீட்டில் மூச்சு விடாமல் கடைத்தெருவில் புதுசு வாங்கினாள். கனமாக இருந்தது, கனம் என்றால் நல்ல சரக்கு என்று நம்பினாள்.

பள்ளியில் வேதியியல் நடத்தும் மருமகள் நீரஜா போனில் சொன்னபடி, பழைய கட்டியைக் காலண்டர் தாளின் பின்புறம் தேய்த்தாள். தாள் வெள்ளையாகவே இருந்தது. புதுச்சொம்பின் விளிம்பு பென்சில் மாதிரி கறுப்பாய்க் கோடு போட்டது. வெள்ளீயம் எழுதாது, காரீயம் எழுதும். அது விஷம், புளியில் கரையும், கரைந்தால் இனிக்கும். மூன்று மாதமாக பிரித்திகாவின் வயிற்றுக்குள் அது என்னென்ன எழுதியிருக்கும்?

அன்றே பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். பிரித்திகாவை அழைத்துப்போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வைத்தாள். முடிவு வர ஒரு வாரம் ஆகுமாம்.

ரத்னம்மா நம்பவில்லை. "சாமி தொட்ட ரசத்த உங்க ஊட்டுக்கே வச்சிக்கினு, எங்களுக்குக் கத சொல்றீங்களா மாமி?"

"சாமி இல்லேடி அது. விஷம்."

மறுநாளும் அம்மாவும் மகளும் வாசலில் நின்றார்கள். எவர்சில்வரில் வைத்துக் கொடுத்ததை பிரித்திகா தொடவில்லை.

"அந்த ரசம் குடிச்சாத்தான் உள்ள அசையுது மாமி," என்றாள் மெதுவாக. "ரெண்டு நாளா சும்மாவே கீது."

கமலவல்லி உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்லி, காலில் செருப்பை மாட்டினாள். ரத்னம்மா நகரவில்லை.

"நேத்தோட சேத்து ரெண்டு டம்ளர் பாக்கி கீது மாமி. அத மொதல்ல குடுங்க."