தாயும் மகளும் விண்ணப்பித்த ஆண்டு

பலெர்மோவுக்கு அருகே பகேரியாவில் நான் வேலை செய்யும் வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தபோது சிவமலர் அக்காவின் மகள் அபிநயாவின் அழைப்பு வந்தது. அவள் வடக்கே துரின் நகரில் படிக்கிறாள். பகலில் என்னை அழைப்பதில்லை. “சுகந்தி அன்ரி, அம்மா போயிட்டா” என்றாள். பிறகு அதையே இத்தாலிய மொழியில் இன்னொரு முறை சொன்னாள். நான் எங்கே, எப்படி என்று கேட்டேன். பலெர்மோவில், போர்கோ வெக்கியோ வீட்டில், காலையில். வகுப்புக்குப் போவதற்காகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டார். இருதயம்.

உங்களில் பலர் சிவமலர் அக்காவைக் கோயில் திருவிழாக்களில் அன்னதானத்துக்குக் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தவராக அறிவீர்கள். வேறு சிலருக்கு அவர் ‘இந்த வயசிலை பள்ளிக்கூடம் போற மனிசி’. நான் அவரோடு மாலைப் பள்ளியில் ஒரே வாங்கில் இருந்து படித்தவள். அதனால் அந்தப் பக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வேலை செய்கிற பெரியவர்களுக்கான உயர்நிலைப் பள்ளி அது. எனக்குச் சான்றிதழ் இருந்தால் நல்ல வேலைக்கு மாறலாம் என்ற எண்ணம். அக்காவின் காரணம் வேறு. வன்னியில் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்தவர். சண்டையில் இடம்பெயர்ந்ததில் பரீட்சை எழுதவில்லை. ஒருநாள் இடைவேளையில் கோப்பி குடிக்கும்போது அதைச் சொன்னார். “சோதினை வைக்கவேண்டிய மண்டபத்திலை சனம் வந்து இருந்தது. நானும் அதுக்குள்ளைதான் பாய் விரிச்சுப் படுத்தனான்.”

இறுதி ஆண்டில் ஆசிரியை ஒவ்வொருவரிடமும் இனி எங்கே விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். பெரும்பாலானவர்கள் எங்கும் இல்லை என்றோம். அக்கா, பல்கலைக்கழகத்தில் கணிதம் என்றார். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. ஆசிரியைதான் கொஞ்சம் தடுமாறினார். அவர் நல்லவர். தாதிமார் படிப்பைப் பற்றி யோசிக்கலாமே, முடித்தவுடன் வேலை இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். அக்கா பொலித்தேயாமா அரங்குப் பக்கம் ஒரு வயதான இத்தாலியப் பெண்மணியை, நாங்கள் சொல்லும் ‘சிஞ்ஞோரா’வை, பராமரிக்கும் வேலையில் இருந்தார். “ஆக்களைப் பார்க்கிற வேலை என்னட்டை ஏற்கெனவே இருக்கு” என்று தன் இத்தாலிய மொழியில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அதே ஆண்டு அவருடைய மகள் அபிநயாவும் பகல் பள்ளியில் இறுதி ஆண்டில் இருந்தாள். அவள் துரினில் பொறியியலுக்கு விண்ணப்பிக்க விரும்பினாள். ஒரு ஞாயிறு மதியம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது இதுதான் பேச்சாக இருந்தது. அக்காவின் கணவர் குலம் அண்ணை மொண்டெல்லோவில் ஓர் உணவகத்துச் சமையலறையில் வேலை செய்பவர். அன்று அவருக்கு ஓய்வு.

“பெட்டையைத் தனிய விடேலாது. நீயும் அங்கை போ. வீட்டு வேலை எந்த ஊரிலையும் கிடைக்கும்” என்றார் மனைவியிடம்.

“அம்மா வந்தா நான் போகேல்லை” என்றாள் அபிநயா.

“நான் வாறனோ எண்டு ஆரும் கேட்டவையோ?” என்று அடுப்படியிலிருந்து அக்கா சொன்னார். “நான் இஞ்சை விண்ணப்பிக்கப் போறன். கணக்குக்கு.”

குலம் அண்ணை என்னைப் பார்த்தார். எனக்கு இது முன்பே தெரியும் என்பதை என் முகத்தில் கண்டிருக்க வேண்டும்.

“கணக்குப் படிச்சு என்ன செய்யப்போறாய்?”

“படிக்கப்போறன்.”

அவர் எழுந்து பல்கனிக்குப் போய்விட்டார். கீழே சந்தைக்காரர்கள் கடைகளை மூடிக்கொண்டிருந்தார்கள். அக்கா எனக்குத் தேநீர் தந்தார். சீனி போட மறந்திருந்தார்.

அந்த வசந்தத்தில் வைத்தியர் அக்காவின் இருதய வால்வு பலவீனமாக இருக்கிறது என்று சொன்னார். மருந்து எடுக்க வேண்டும், பாரம் தூக்கக்கூடாது, பிறகு பார்க்கலாம் என்றார். அபிநயா துரின் வேண்டாம் என்று முடிவெடுத்தது அப்போதுதான். அதைத் தாயிடம் சொல்ல என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு மொண்டெல்லோக் கடற்கரைக்கு வந்தாள். கோடைக் கூட்டம் இன்னும் வரவில்லை. மூவரும் மணலில் இருந்தோம்.

“நானும் இஞ்சையே அப்ளை பண்ணுறன், அம்மா. இஞ்சையும் இஞ்சினியரிங் இருக்கு.”

“போன கிழமை இல்லாத இஞ்சினியரிங் இப்ப எங்கையிருந்து வந்தது?”

“விளையாடாதைங்கோ. உங்களுக்கு ஏதும் நடந்தா?”

“நடக்கிற நாள் எது எண்டு டொக்டருக்கே தெரியாது. அதை வச்சு நீ ஊர் தெரிஞ்செடுப்பியோ?”

“பஸ்தா, அம்மா! போதும்!” என்று அவள் இரண்டு மொழியிலும் கத்தினாள். நாயோடு நடந்துபோன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. “நீ இஞ்சை நிண்டால் என்னையே பார்த்துக்கொண்டு நிப்பாய். நான் உன்னைப் பார்த்துக்கொண்டு நிப்பன். ரெண்டு பேரும் படிக்க மாட்டம்.”

திரும்பி வந்த பஸ்ஸில் அபிநயா முன்னுக்குப் போய்த் தனியாக இருந்தாள். இடையில் தோழி வீட்டுக்கென்று அவள் இறங்கிப்போன பிறகு நான் அக்காவிடம், பிள்ளை ஆசைப்பட்டு நிற்கிறாள், நிற்கட்டுமே என்றேன். “அது ஆசையில்லை, சுகந்தி. பயம். பயத்திலை எடுக்கிற முடிவை நான் கனக்கப் பார்த்திட்டன்” என்றார். எது சரி என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இப்போதும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். சில நாட்களுக்குப் பிறகு அபிநயா துரினுக்கே விண்ணப்பித்தாள். தாய் பலெர்மோவுக்கு விண்ணப்பித்தார். இருவருக்கும் இடம் கிடைத்தது.

அக்கா சிறந்த மாணவியாக இருந்தார் என்று எழுத ஆசைதான். ஆனால் அவர் அப்படி இல்லை. காலையில் வகுப்பு, மதியத்துக்குப் பிறகு சிஞ்ஞோரா, மாலையில் சமையல். முதல் பெரிய பரீட்சையில் தோற்றார். மறுபடி எழுதி மறுபடியும் தோற்றார். பிள்ளைகளின் வயதில் இருந்த சக மாணவர்கள் அவரை ‘சிஞ்ஞோரா மலர்’ என்று கூப்பிட்டார்கள். குறிப்புகளைக் கொடுத்து உதவினார்கள். கடைசியில் ஒரு தடவை பதினெட்டுப் புள்ளி கிடைத்தது. முப்பதுக்குப் பதினெட்டு; அதற்குக் கீழே என்றால் சித்தியில்லை. இங்கே மாணவர் விரும்பினால் குறைந்த புள்ளியை மறுத்துவிட்டுத் திரும்ப எழுதலாம். பேராசிரியர் வழக்கப்படி, ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். “வேண்டாம் எண்டு சொல்ல எனக்கென்ன விசரோ?” என்று அக்கா தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ‘ஆம்’ என்பதை இத்தாலிய மொழியில் சொன்னாராம். இதை எனக்குச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அதற்குப் பிறகும் சில பாடங்களில் சித்தியடைந்தார். பட்டம் வரைக்கும் போகவில்லை.

இறுதிக்கிரியை முடிந்து வீட்டுக்கு வந்தபின் அபிநயா என் பக்கத்தில் வந்து இருந்தாள். “அன்ரி, நான் இஞ்சை அப்ளை பண்ணியிருந்தா அண்டைக்கு வீட்டிலை நிண்டிருப்பன் தானே?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். “நிண்டிருப்பாய். கொம்மா அண்டைக்கும் வகுப்புக்குத்தான் வெளிக்கிட்டிருப்பா” என்றேன். அவள் அழுதாள். நான் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

எதிரே குலம் அண்ணை இருந்தார். “உனக்கு எப்ப பரீட்சை?” என்று மகளிடம் கேட்டார்.

“வாற கிழமை. நான் போகேல்லை, அப்பா.”

“போ. எட்டாம் நாள் எட்டுச் செலவுப் படையல் முடிய வெளிக்கிடு. நான் சமாளிப்பன்.” பிறகு, “அவ இருந்தால் என்னைத்தான் ஏசுவா” என்றார்.

அபிநயா போனாள். பரீட்சை எழுதினாள் என்று பிறகு அறிந்தேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு வார்த்தை. மாலைப் பள்ளியில் ஆசிரியர் சொல்வது விளங்காதபோது நாங்கள் எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டு இருப்போம். அவர் மட்டும் கையை உயர்த்தி, எனக்கு விளங்கவில்லை என்று உரக்கச் சொல்வார். திரும்ப விளக்கியும் விளங்காவிட்டால் திரும்பவும் அதையே சொல்வார். முதலில் எனக்குக் கூச்சமாக இருக்கும். பின்னர் அவர் கையை உயர்த்துவதை எதிர்பார்க்கத் தொடங்கினேன்.

போன வாரம் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் வேகமாக ஏதோ சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடப் பார்த்தார். இத்தனை வருடங்களில் நான் அந்த இடத்தில் தலையாட்டிவிட்டு வெளியே வந்து யாரையாவது கேட்பதுதான் வழக்கம். அன்று நகராமல் நின்று, எனக்கு விளங்கவில்லை என்றேன். அவர் அதே வேகத்தில் திரும்பச் சொன்னார். இன்னும் விளங்கவில்லை என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.