ஜெசிந்தாவுக்கு விழுந்த பாடு

பழவேற்காட்டு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் ஜெசிந்தாவின் கைப்பையில் சீப்பு இருக்குமோ இல்லையோ, பென் டிரைவ் இருக்கும். ஞாயிறு பூசை முடிந்ததும் யார் வீட்டுக்காவது போய், பிள்ளைகள் தாங்களே கேம் செய்து பழகும் மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பாள். இதுவரை இருபத்தாறு வீடு. அவள் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. ஒரு கேமாவது செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தது.

தோணிரேவில் தருமலிங்கம் வீட்டு லேப்டாப்பில் ஏற்றி முடித்ததும், யார் முதலில் உட்காருவது என்று அங்கே கூடியிருந்த ஐந்து பிள்ளைகளுக்குள் அடிதடி. ஏரியில் யாருக்கு எந்த நாள் வலை என்று சீட்டுக் குலுக்கிப் பாடு பிரிக்கிற ஊர் அது. தருமலிங்கம் சொம்பை எடுத்தார்.

அந்த ஐவரில் ஒருத்தியான அவர் மகள் நிவேதா ஆறு சீட்டு எழுதினாள்.

"ஆறாவது யாருக்கும்மா?"

"ஜெசிந்தாக்காவுக்கு. ஏத்திக் குடுத்துட்டு சும்மா பூடுவாங்களா?"

"பொம்பளைக்கு எங்கனா பாடு உண்டா?"

"அப்ப எனக்கும் கெடையாதா நைனா?"

தருமலிங்கம் ஆறு சீட்டையும் சொம்பில் போட்டுக் குலுக்கினார். முதல் சீட்டே ஜெசிந்தாவுக்கு விழுந்தது.

ஒரு மணி நேரம் போராடி அவள் திரையில் ஓர் இறாலை நகர வைத்தாள். எங்கேயோ தப்பு, அது பின்பக்கமாகவே பாய்ந்தது. ஜெசிந்தாவின் முகம் சுருங்கியது.

"பயந்தா இறா அப்டித்தான்க்கா போவும். மாத்தாதீங்க," என்றாள் நிவேதா.

இருபத்தாறு வீட்டிலும் நன்றியை வாங்கியே பழகியவள், அன்று ஐந்து வாண்டுகளுக்கும் சொம்புக்கும் சேர்த்து நன்றி சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள்.