தன் புகாருக்குத் தானே எண் போட்ட அக்கா

வருகிற வெள்ளிக்கிழமையோடு எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்குக் கட்டுரை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்ததற்கு என் தமிழ் காரணமில்லை. அறந்தாங்கியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், அட்டைப்படத்தையும் நானே கம்ப்யூட்டரில் போட்டுவிடுவேன், அவ்வளவுதான். கல்யாண வீட்டில் மைக்கைக் கொடுத்தால் திருப்பித் தராதவன், துக்க வீட்டிலும் யாரையாவது சிரிக்க வைத்துத் திட்டு வாங்குகிறவன் என்று என்னைப் பற்றி உங்களுக்கெல்லாம் தெரியும். அதனால்தான் சித்தப்பா, "டேய், இதுலயாச்சும் ஒன் நக்கல விட்டுட்டு ஒழுங்கா எழுது" என்று சொல்லி, 'குலவிளக்கே' என்று தொடங்கும் ஒரு பத்தியையும் கையில் கொடுத்தார். நல்ல பத்திதான். அக்கா இருந்தால், "யாருக்குடா இது?" என்று கேட்டிருப்பார்.

மணமேல்குடிக்கு மேற்கே, கடல்காற்று வீசினாலும் மீனை விலைக்கு வாங்கும் ஒரு விவசாயக் கிராமத்தில் அக்கா பிறந்தார். இரண்டு வயதில் வந்த காய்ச்சல் வலது காலின் பலத்தை எடுத்துக்கொண்டு போனது. முழங்காலைக் கையால் அழுத்தி அழுத்தித்தான் நடப்பார். அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு போகத்தான் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள் என்று நினைக்கிறேன். படிப்பில் நான் காட்டிய அக்கறையும் அதையே சொல்கிறது. அக்கா கல்லூரி முடித்தார், தட்டச்சில் மேல்நிலை தேறினார், தேர்வாணையத் தேர்வு எழுதி இளநிலை உதவியாளர் ஆனார். பணி நியமன ஆணையை அப்பா ஒரு வாரம் மடியிலேயே கட்டிக்கொண்டு திரிந்தார்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அக்காதான் என் வீட்டுக்குப் பெரியவர். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து பலகாரத்தை மட்டும் தின்றுவிட்டுப் போன கதைகளை நான் நடித்துக் காட்டி வீட்டையே சிரிக்க வைத்திருக்கிறேன். அக்கா சிரித்தாரா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகம் வரவில்லை.

அவர் வேலை பார்த்த அலுவலகத்தின் பெயரை இங்கே போடவில்லை. அங்கே, அவருக்குப் பின்னால் பணிக்கு வந்தவர்கள் உதவியாளராகப் பதவி உயர்வு பெற்றார்கள். பேனல் என்று சொல்லும் பதவி உயர்வுப் பட்டியலில் இரண்டு முறை அக்காவின் பெயர் இல்லை. உதவியாளரானால் வயல்களுக்கும் நேரில் போய்ப் பார்வையிட வேண்டியிருக்கும். காரணம் கேட்டதற்கு அதிகாரி எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "ஆபீஸ் படி ஏறவே உங்களுக்கு அரை நாள் ஆகுது. நீங்க போயி வயக்காட்டுல வரப்பு ஏறப் போறீங்களா?" சிலர் சிரித்தார்களாம். இதை அக்கா சொல்லி நான் அறியவில்லை. அங்கே நின்றிருந்த ஒருவர் பிறகு என்னிடம் சொன்னார்.

அக்கா புகார் மனு எழுதினார். பணிமூப்பில் தன் இடம் எது, யார் யார் தன்னைத் தாண்டிப் போனார்கள், அதிகாரி சொன்ன சொல் என்ன என்று ஒரு வார்த்தை மிகையில்லாமல் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு அவரை மாடியிலிருந்த தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். வரும் தபால்களுக்கெல்லாம் பதிவேட்டில் எண் போடும் வேலை. ஒரு நாள் மாலை வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"என் மனு எங்கிட்டயே வந்துருச்சுடா."

"என்னக்கா சொல்ற?"

"மேல இருந்து கீழ அனுப்பி, இன்னும் கீழ அனுப்பி, உரிய நடவடிக்கை எடுங்கன்னு எங்க ஆபீசுக்கே வந்துருச்சு. தபால் கட்டப் பிரிச்சா என் கையெழுத்து."

"நீ என்ன செஞ்ச?"

"எண்ணு போட்டேன்."

"கிழிச்சுக் குப்பையில போட்டுட்டு வேற மாதிரி எழுதியிருக்கலாம்ல?"

"தபால எப்படிடா கிழிக்கிறது?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். எண் போட்ட மனுவை அவரே அந்த அதிகாரியின் மேசையில் கொண்டுபோய் வைத்தார். பத்து நாள் கழித்துப் பதில் தயாரானது. 'மனுதாரர் கூறும் பாகுபாடு ஏதும் நிகழவில்லை' என்ற அந்தப் பதிலைத் தட்டச்சு செய்யும் வேலையும் அவரிடமே வந்தது. வரைவில் மனுவின் தேதி தவறாக இருந்ததாம். அதைத் திருத்தி, உறையில் போட்டு, தன் முகவரியை எழுதி, பதிவுத் தபாலில் தனக்கே அனுப்பினார். தபால்காரர் வீட்டுக்குக் கொண்டு வந்தபோது கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

அக்கா விடவில்லை. மறுபடி மேலே எழுதினார். அப்போதுதான் அந்த அதிகாரி என் கடைக்கு வந்தார். கடையில் இருப்பது ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதைத் துண்டால் துடைத்துப் போட்டேன். டீ சொன்னேன். நான் சொன்ன இரண்டு ஜோக்குக்கு அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். பிறகு சொன்னார்: "தம்பி, நீங்க சொன்னாத்தான் அக்கா கேப்பாங்க. மனுவ வாபஸ் வாங்கச் சொல்லுங்க. அடுத்த பேனல்ல அவங்க பேரு வந்துரும், நான் பாத்துக்கிறேன்."

ஒரு அதிகாரி நம் ஜோக்குக்குச் சிரித்துவிட்டால் என் போன்றவனுக்கு உலகத்தில் வேறென்ன வேண்டும்? அவர் டீ குடித்து முடிப்பதற்குள் வாபஸ் கடிதத்தை அடித்து முடித்தேன். 'யாருடைய வற்புறுத்தலும் இன்றி, மனப்பூர்வமாக' என்ற வரி அவர் கேட்காதது. கடிதம் எடுப்பாக இருக்கட்டும் என்று நானே சேர்த்தேன்.

அக்கா அதைப் படித்தார். "ஒனக்கு இது வேணுமாடா?" என்றார். "போடுக்கா. நீ உதவியாளராகி அடுத்த வருசம் ஜீப்புல வா, நான் பின்னாடியே டிவிஎஸ்ல வாரேன்" என்றேன். கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை அதற்கும் அவர்தான் எண் போட்டார்.

அடுத்த பேனல் வந்தது. அக்காவின் பெயர் இல்லை. கோப்பில் மட்டும், 'மனுதாரரே வாபஸ் பெற்றதால் புகார் பொய் எனத் தெரிகிறது' என்று ஒரு வரி ஏறியது. அக்கா மாதக்கணக்கில் உட்கார்ந்து கையாலேயே ஒரு புது மனு எழுதினார். நகல் எடுக்க என் கடைக்கு வரவில்லை. எதிர்க்கடைக்குப் போனார். கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்காலை அழுத்தி அழுத்தி என் கடையைத் தாண்டி, ரோட்டைக் கடந்துதான் போனார்.

பிறகு இருதயம் பலவீனமாகி, புதுக்கோட்டையில் பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்தார். நான் ஊரிலிருந்து வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "தபால் ஏதும் வந்துச்சாடா?" வரவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை அவர் காலமானார்.

தபால் வந்தது பதினாறாம் நாள் காரியத்தன்று. பந்தலுக்குள் வந்த தபால்காரர் படத்தையும் மாலையையும் பார்த்துவிட்டு, "அக்கா கையெழுத்துப் போடணுமே..." என்று பாதியில் நிறுத்தினார். நான் போட்டேன். விசாரணைக்கு நேரில் வரச் சொல்லி எழுதியிருந்தார்கள்.

வாரிசு என்ற முறையில் போனேன். விசாரணை அலுவலர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். "அவங்களே மனப்பூர்வமா வாபஸ் வாங்கியிருக்காங்களே தம்பி?" என்று என் கடிதத்தைக் காட்டினார். "யாராவது எழுதி வாங்குனாங்களான்னு பாத்தா, புது மனுவுல அவங்களே ஒத்துக்கிட்டிருக்காங்க" என்று அக்காவின் கையெழுத்திலிருந்த வரியை வாசித்தார்: 'வாபஸ் கடிதத்தை நானே என் கையால் தட்டச்சு செய்து கொடுத்தேன். இதில் வேறு எவருக்கும் பங்கில்லை.'

ஒரு தேதி தவறாக இருந்தால்கூடத் தாங்காத அக்கா, வாழ்நாளில் எழுதிய ஒரே பொய் அது. எனக்காக எழுதியது. அதுவே அவருக்கு எதிராக நின்றது.

மைக்கைத் திருப்பித் தராத நான் அங்கே வாயைத் திறக்கவில்லை. பொய்ப் பத்திரம் தயாரித்தவன் என்று என்னைப் பிடித்துவிடுவார்களோ, கடையை மூடிவிடுவார்களோ என்ற பயம். "ஆலோசிச்சு எழுதித் தர்றேன் சார்" என்று சொல்லி வெளியே வந்து, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அறந்தாங்கி பஸ்கள் நான்கு போகும்வரை உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு இரண்டு முறை வாய்தா வாங்கினேன். மூன்றாவது தேதி, நினைவு நாளுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. இனி வாய்தா இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றும் நான் பேசாவிட்டால் கோப்பு மூடப்படும். அக்கா பொய்ப்புகார் கொடுத்தவராகவே அதற்குள் இருந்துவிடுவார். பதவி உயர்வு இனி யாருக்கு வேண்டும்? அந்த ஒரு வரி போக வேண்டும்.

அதனால் இங்கே எழுதுகிறேன்: அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான். கேட்டவர் அந்த அதிகாரி. அக்கா மனப்பூர்வமாகக் கொடுக்கவில்லை. தம்பி முகம் வாடக்கூடாது என்று கொடுத்தார். அச்சில் போட்டு முந்நூறு பேர் கையில் கொடுத்துவிட்டால் செவ்வாய்க்கிழமை என்னால் பின்வாங்க முடியாது. எனக்கு என்னைத் தெரியும்.

அதிகாரி சொன்ன சொல்லைக் காதால் கேட்டவர்களும் இந்த மலரைக் கையில் வைத்திருப்பீர்கள். உங்களில் ஒருவர், "எனக்கு இன்னும் ஒன்றரை வருசம் சர்வீஸ் இருக்கு தம்பி, என்னைய விட்டுரு" என்றார். அண்ணே, உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பெயரும் போடவில்லை. அன்று காலை ஆறரை மணி பஸ்ஸில் உங்களுக்கும் ஒரு இடம் பிடித்து வைத்திருப்பேன். வந்தால் உட்காருங்கள். வராவிட்டால் அந்த இடத்தில் அக்காவின் பையை வைத்துக்கொள்கிறேன். தூக்கிப் பழக்கம்தான்.

அக்காவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், மருத்துவமனையில் மாறி மாறித் துணையிருந்த என் மனைவிக்கும் சித்திக்கும், பந்தல் போட்டதிலிருந்து பந்தி பரிமாறியதுவரை கூட நின்ற உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எதிர்க்கடைக்காரருக்கும் நன்றி. நகல் எடுத்து முடியும்வரை அக்காவை நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்.

மலரின் ஒரு பிரதியை அக்கா வேலை பார்த்த அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தபால் பிரிவில் அந்த இருக்கையில் இப்போது யார் இருக்கிறீர்கள் என்று தெரியாது. வணக்கம். கட்டைப் பிரிக்கும்போது அக்காவின் படம் போட்ட இந்தப் புத்தகம் வரும். தயவுசெய்து கிழித்துவிடாதீர்கள். எண் போடுங்கள்.